மாதையனின் மூன்று பிள்ளைகள்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். சேலத்தில் டீச்சர் ட்ரெய்னிங் படிக்கும்போதே விடுதியில் எனக்கு மிளகாய் மேரி என்றுதான் பெயர். சாந்தாமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு வாழ வேண்டிய ஓர் ஆண்டு வந்தது. எழுபத்தாறு, எமர்ஜென்சிக் காலம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பஷீர் பாய்கூட, "இங்கே அரசியல் பேசக் கூடாது" என்று அட்டையில் எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

"விலைவாசி பேசலாமா பாய்?" என்று கேட்டேன்.

"அதுவும் அரசியல்தானே டீச்சர். புளி வேணுமா, அதைச் சொல்லுங்க" என்றார்.

அப்போது நான் ஏற்காடு மலையில் செம்மநத்தத்தில் ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். ஐந்து வகுப்பு, ஓர் அறை, நாற்பத்தொரு பிள்ளைகள். பெருக்குவது, மணி அடிப்பது, மூக்கு துடைத்துவிடுவது எல்லாம் நான்தான். ஐப்பசி மாதம் ஏற்காட்டில் ஆசிரியர்களையும் மற்ற சர்க்கார் ஊழியர்களையும் கூட்டி ஒரு மீட்டிங் போட்டார்கள். கீழே சேலத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், மாதக் கடைசிக்குள் ஆளுக்கு இத்தனை கேஸ் என்று கொடுத்தாக வேண்டும் என்றார்.

கேஸ் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுப்பதற்குப் பெயர் கேஸ். ஆள் பிடிக்கிறோம் என்று சொல்ல வாய் கூசுமல்லவா, அதற்காகக் கண்டுபிடித்த சொல். ஆள் என்றால் அவனுக்கு ஒரு பெயர் இருக்கும், வீட்டில் ஒருத்தி காத்திருப்பாள். கேஸுக்கு ஒரு நம்பர் போதும். வாத்தியாருக்கு ரெண்டு, கிராம சேவகருக்கு ரெண்டு, காட்டிலாகா கார்டுக்கு மூன்று என்று பட்டியல் போட்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "சார், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டியாறதுதான் என் வேலை. பிள்ளைங்களே இல்லாம பண்றது என் வேலை இல்லை."

நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தச் சிரிப்பும் நின்றது. அவர் பேனாவைத் திறந்து என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தினா போவீங்களாம்மா? இல்லே, மிசாவுல போறீங்களா?" என்றார். மிசா என்றால் விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது, உள்ளே தள்ளி மறந்துவிடுவார்கள். நான் உட்கார்ந்தேன். பயந்துதான் உட்கார்ந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து எனக்கு மெமோ வந்தது. ஏன் இதுவரை ஒரு கேஸும் கொடுக்கவில்லை, விளக்கம் தரவும். அந்த வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்துவிட்டு, நான் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் எழுதியதை எல்லாம் தாளில் எழுதியிருந்தால் அன்றைக்கே என்னைக் கொண்டுபோயிருப்பார்கள். அடித்து அடித்து மூன்றாவது தாள் ஓடிக்கொண்டிருந்தபோது மாதையன் வாசலில் வந்து நின்றான்.

மாதையன் அந்த ஊர்க்காரன். இருபத்தாறு வயசு. சொந்தமாகக் கொஞ்சம் ராகிக் காடு, பத்துப் பதினைந்து காப்பிச் செடி, நாலு ஆரஞ்சு மரம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி பூவாயிக்கு ஒரு கரு தங்கிக் கலைந்துவிட்டது. அடுத்தது நிற்க வேண்டும் என்று இருவரும் முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துவிட்டிருந்தார்கள். ஊரில் அதைத் தவிர அவர்களைப் பற்றிப் பேச வேறொன்றும் கிடையாது. ஆமாம், இன்னொன்று உண்டு. அவன் மேல் ஒரு கேஸ் இருந்தது. கலப்பைக்கு ஏர்க்கால் செய்ய ரிசர்வ் காட்டில் ஒரு மரம் வெட்டிவிட்டான். கார்டு பழனிசாமி பிடித்துக் கேஸ் எழுதிவிட்டார். அதிலிருந்து மாதா மாதம் வாய்தா. விடியுமுன் கிளம்பிச் சேலத்துக்கு இறங்குவான். பெயர் கூப்பிடுவார்கள், அடுத்த தேதி சொல்வார்கள், திரும்பி ஏறி வருவான். தேதிச் சீட்டை என்னிடம்தான் கொண்டுவந்து படித்துக்கொள்வான்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஒரு ரோசனை கேக்கோணுமுங்க."

"கேளு" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

"கார்டு பழனிசாமி வந்துருந்தாருங்க. நாளைக்குக் காத்தால ஜீப்பு வருதாமுங்க. அதுல ஏறி ஏற்காடு போனாக் கேஸு முடிஞ்சுபோகுமுங்கறாரு. ஒரே நாள்ல முடிஞ்சுருமாமுங்க. போலாமுங்களா?"

"போய் முடிச்சுட்டு வா மாதையா. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் கேஸைக் கட்டிக்கிட்டு அழுவே?"

"பயமொண்ணும் இல்லீங்களே?"

"என்ன பயம்? கைநாட்டு வைக்கச் சொன்னா வச்சுட்டு வந்துடு."

"செரிங்க டீச்சரம்மா. நீங்க சொன்னாச் செரிங்க." அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் மெமோவுக்குப் பதிலைத் தொடர்ந்தேன்.

அன்று காலையில்தான் மூன்றாம் வகுப்புக்கு ஒரு சொல்லுக்குப் பல பொருள் நடத்தியிருந்தேன். ஆறு என்றால் எண், ஆறு என்றால் நதி. படி என்றால் படிக்கச் சொல்வது, படி என்றால் ஏறுவது. எட்டு வயசுப் பிள்ளைகள் தப்பில்லாமல் சொன்னார்கள். என் மேஜை மேல் கேஸ் கேஸ் என்று எழுதிய சர்க்கார் தாள் கிடக்கிறது, எதிரில் ஒருவன் கேஸ் கேஸ் என்று நிற்கிறான், எனக்கு உறைக்கவில்லை. தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளலாம். துப்பியும் இருக்கிறேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு இடைவேளை விட்டிருந்தேன். பூவாயி கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, கோர்ட்டுல சோறு போடுவாங்களா?"

"கோர்ட்டுல எங்கே சோறு போடுவாங்க? ஏன்?"

"அவுரு வெறும் வயித்தோட போயிருக்காருங்க. குளிச்சுப்போட்டு, ஒண்ணுந் திங்காம, மாத்து வேட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வரோணும்னு கார்டு சொன்னாராமுங்க. அவுரு பசி தாங்க மாட்டாருங்க. மத்தியானப் பஸ்ஸுல இதைக் குடுத்தனுப்பலாமான்னுதான்..."

வெறும் வயிறு. மாற்று வேட்டி. எந்தக் கோர்ட்டில் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வா என்கிறான்? ஐயோ என்று கத்தினேன். பூவாயி பயந்து போசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மணியைக்கூட அடிக்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினேன். பூவாயி என் பின்னாலேயே ஓடிவந்தாள்.

ரோட்டில் பஷீர் பாய் தன் டெம்போவில் ஆரஞ்சுக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். சீசனில் வாரம் ஒரு முறை வருவார்.

"பாய், வண்டியை எடுங்க. ஏற்காடு போகணும், இப்பவே போகணும்."

"இன்னும் ஆறு கூடை இருக்கு டீச்சர்."

"கூடையைத் தூக்கிக் குப்பையிலே போடுங்க! மாதையனைக் கேஸுக்குக் கொண்டுபோயிட்டானுங்க."

பாய்க்கு ஒரே சொல்லில் புரிந்துவிட்டது. அவர் கடையில் பேச்சு அடிபடாத கேஸா. ஏற்றாத கூடைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். நாங்கள் இருவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

"ஏனுங்க, கேஸு தோத்துப்போச்சுங்களா?" என்று கேட்டாள் பூவாயி. மடியில் போசியை வைத்திருந்தாள்.

சொல்லாமல் இருக்க முடியாது. "இது அந்தக் கேஸ் இல்லே கண்ணு. இது பிள்ளை பிறக்காம இருக்கப் பண்ற ஆபரேஷன். அதுக்கும் கேஸுன்னுதான் சொல்றாங்க. எனக்கு நேத்தே புரிஞ்சிருக்கணும். புரியாம நான்தான் போகச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. பிறகு பாயின் பக்கம் திரும்பி, "வண்டியை முடுக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அரசியல் பேசக் கூடாது என்று அட்டை தொங்கவிட்ட மனுஷன் வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாசமாப் போவானுங்க, நாசமாப் போவானுங்க" என்றே ஓட்டினார்.

ஏரிக்கு மேலே ஒரு பழைய காப்பிக் குடோனில் முகாம் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர். உள்ளே பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப்போட்டு ஆட்களைப் படுக்க வைத்திருந்தார்கள். காப்பிக்கொட்டை நெடியும் டெட்டால் நெடியும் கலந்து குமட்டியது. மூன்றாவது பெஞ்சில் மாதையன் படுத்திருந்தான். பக்கத்தில், ஆபரேஷனுக்கு இனாமாகக் கொடுத்த ஒரு புது பிளாஸ்டிக் வாளி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்து, அப்புறம் சிரித்தான்.

"கேஸு முடிஞ்சுபோச்சுங்க டீச்சரம்மா. இனி வாய்தாவே இல்லீங்களாம்."

அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"மாதையா, உன்னை என்ன பண்ணினாங்க?"

"மொதல்ல ஒடம்பைப் பாக்கோணும்னாங்க. கீழ ஊசி போட்டு என்னமோ கீறுனாங்க. ஏனுங்கன்னு கேட்டேனுங்க. பேசாம படுறான்னாங்க. பெரிய டாக்டருங்க, மறுபடி கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சுங்க. அப்புறம் கைநாட்டு கேட்டாங்க. நீங்க சொல்லியிருந்தீங்களே, வச்சுட்டேனுங்க."

பூவாயி போசியைத் தரையில் வைத்தாள். அவன் தலைமாட்டில் போய் நின்று, "அவுங்க முடிச்சது மரம் வெட்டுன கேஸு இல்லீங்க" என்றாள். மீதியை நான்தான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "தையலைப் பிரிச்சாச் செரியாயிடுமுங்களா?" என்றான்.

தடுப்புக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம் ஓடினேன். அவர் திரும்பவே இல்லை. "அறுத்ததை மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில மறுபடி சேர்த்துப் பார்க்கலாம். சேரும்னு சொல்ல முடியாது. நெக்ஸ்ட்" என்றார்.

வெளியே மேஜை போட்டு ஒரு குமாஸ்தா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மாதையன் பெயருக்கு எழுதி வைத்திருந்த சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பெயர், ஊர், வயது. உயிருடன் உள்ள குழந்தைகள்: மூன்று. குழந்தைகளின் வயது: ஒன்பது, ஏழு, ஐந்து. அதற்குக் கீழே, ஊக்குவித்து அழைத்து வந்தவர்: சாந்தாமேரி, ஆசிரியை, செம்மநத்தம்.

"இது யாரு எழுதினது?"

"அவனே சொன்னான் டீச்சர், டீச்சரம்மா சொல்லித்தான் வந்தேன்னு. கார்டு தன் கணக்குலதான் எழுதச் சொன்னாரு. உங்க பேர் மெமோ லிஸ்ட்ல இருக்கறதைப் பார்த்துப் பாவமேன்னு உங்களுக்குப் போட்டேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்." அவர் எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதைவிட வயிறு எரிந்த இடம் என் வாழ்க்கையில் வேறில்லை.

"மூணு பிள்ளைங்கன்னு எழுதியிருக்கியே, அந்தப் பிள்ளைங்க பேரைச் சொல்லுய்யா! செம்மநத்தத்துல இருக்கற ஒவ்வொரு பிள்ளையும் என் ரிஜிஸ்டர்ல இருக்கு. ஒம்பது வயசுப் பிள்ளையா? அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்! எந்த வயித்துல பிறந்துச்சு? உங்க ஆபீஸ் பீரோவிலயா?"

அவருக்கு வேர்த்துவிட்டது. "மூணுக்குக் குறைஞ்சா ஃபாரம் திரும்பி வந்துடும் டீச்சர். எல்லாருக்கும் மூணுதான் போடறோம்" என்று முணுமுணுத்தார். சத்தம் கேட்டு அந்த அதிகாரி வந்தார். மீட்டிங்கில் என் பெயரை எழுதிக்கொண்டவர்தான்.

"மறுபடியும் நீங்களா? சர்க்கார் வேலையைத் தடுத்தா என்னாகும்னு தெரியுமில்ல? உங்களை மட்டுமில்ல, அந்த ஆளையும் சேர்த்துத் தூக்கிடுவேன். ஏற்கெனவே ஃபாரஸ்ட் கேஸ் இருக்கு அவன் மேல."

அந்தப் போலீஸ்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். பஷீர் பாய் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், வேண்டாம். அவனை ஊட்டுக்குக் கொண்டுபோற வழியைப் பாருங்க" என்றார். நாங்கள் மாதையனைத் தாங்கிக்கொண்டு போய் ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்தோம். பூவாயி வாளியை வாசலிலேயே எட்டி உதைத்துவிட்டு வந்தாள். சீட்டு மட்டும் என் கையில் இருந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவனுக்கே கொடுக்க வேண்டிய சீட்டுதான் அது.

இருபது நாள் ஆயிற்று. மாதையன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டீக்கடையில் சில கழுதைகள் அவனைக் கிண்டல் பண்ணியதாகக் கேள்வி. நான் இரண்டு முறை அவன் வீட்டுப் படி வரை போனேன். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. மற்றவர்களை வாய் கிழியத் திட்டுகிறவள், அந்தப் படியில் நின்று திரும்பி வந்தேன்.

ஒருநாள் காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பூவாயி விறுவிறுவென்று வந்து ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னன்னு படிங்க."

படித்தேன். கோர்ட் சம்மன். மரம் வெட்டிய கேஸ், அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி, தவறாமல் ஆஜராக வேண்டியது.

"அப்ப அந்தக் கேஸும் முடியலீங்களா?"

"முடியலே பூவாயி."

"கார்டுகிட்டப் போய்க் கேட்டேனுங்க. கேஸு முடியும்னுதானே சொன்னேன், எந்தக் கேஸுன்னு நானா சொன்னேன்னு கேட்டுச் சிரிக்கறானுங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். மண்ணை வாரித் தூற்றிவிட்டால் தூற்றப்பட்டவன் குலம் விளங்காது. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, விளங்காமல் போக ஒன்றுமில்லை. தூற்றட்டும் என்று நின்றேன்.

"தூத்து. என் மேலேதான் தூத்தணும்."

மண் விரலிடுக்கில் ஒழுகியது. "உங்க மேல தூத்தி என்னங்க ஆவறது? நீங்க ஒரு கோபக்கார மடச்சி. கார்டு மேல தூத்தட்டுங்களா? அவன் மேல ஒருத்தன். கத்தி புடிச்ச டாக்டரு மேலயா? அவனுக்கு மேல ஒருத்தன். யாரு மேல தூத்தறதுன்னு சொல்லுங்க! படிச்சவங்கதானே, சொல்லுங்க!"

மேஜை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதுவரை அவளுக்கு அதில் இருப்பது தெரியாது. உயிருடன் உள்ள குழந்தைகள் மூன்று என்றதும் மண்ணைக் கீழே போட்டாள்.

"மூணா? எனக்கா?"

"உனக்குத்தான். ஒம்பது வயசு, ஏழு வயசு, அஞ்சு வயசு."

"அதுங்களுக்குப் பேரு வச்சிருக்காங்களா?"

"இல்லே. பேரு எழுதலே."

"பெத்துப்போட்டானுங்க, பேரு வைக்க மறந்துட்டானுங்களா?" அவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. பிறகு சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மூத்தவன் பொன்னுவேலுங்க. எங்க மாமனார் பேரு. அடுத்தது பொட்டப்புள்ளை, சின்னத்தாயி, அது எங்கம்மா பேரு. கடைசி பையன் முனியப்பன். கிடா நேந்திருக்குதில்லீங்க. எழுதிக்கங்க."

எங்கே எழுதுவது என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது, ஏழு, ஐந்து என்றால் மூன்றும் பள்ளிக்கூட வயசு. பள்ளி வயதுப் பிள்ளை ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று வருஷா வருஷம் சுற்றறிக்கை வருகிறது. சர்க்கார் சீல் குத்தி மூன்று பிள்ளைகள் உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது, அவர்களைச் சேர்க்காமல் விட்டால் அது என் குற்றம். அட்மிஷன் ரிஜிஸ்டரைத் திறந்து, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று நம்பர் போட்டேன். பொன்னுவேல், த/பெ மாதையன், நான்காம் வகுப்பு. சின்னத்தாயி, இரண்டாம் வகுப்பு. முனியப்பன், ஒன்றாம் வகுப்பு. வயதுக்கு ஆதாரம் என்ற கட்டத்தில் அந்தச் சீட்டின் நம்பரை எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆஜர் எடுக்கும்போது அந்த மூன்று பெயரையும் கூப்பிட்டேன். முதல் நாள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். இரண்டாம் நாளே பூவாயி மண்வெட்டியோடு காட்டுக்குப் போகிறவள் வேலி ஓரம் நின்றாள். மூன்று பெயரும் முடியும் வரை நின்றுவிட்டுப் போனாள். அதிலிருந்து ஒருநாள்கூட அவள் தவறவில்லை. பஷீர் பாய் ஒரு வாரம் கழித்துக் கேள்விப்பட்டு, "டீச்சர், உங்களுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" என்றார். அன்றைக்குப் புளிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

கார்த்திகை கடைசியில் பள்ளி ஆய்வாளர் வந்தார். முன் தகவல் கிடையாது. மெமோவுக்கு நான் எழுதிய விளக்கம் திருப்தியில்லை என்று மேலே யாரோ அனுப்பியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த மூணு பேரும் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு நாள்கூட வரலியே. என்னம்மா பண்றீங்க நீங்க? வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். வீட்டுல இல்லே."

"பின்னே எங்கே?"

இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் முழுக்கப் படித்தார். சீலைப் பார்த்தார். என் பெயரைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"டீச்சர், காலம் எப்படி இருக்குன்னு தெரியுமில்ல? இந்த மூணு பேரையும் அடிச்சுடுங்க. நான் பார்க்காத மாதிரி போயிடறேன்."

"நீங்களே அடிங்க சார். சிவப்பு மை இருக்கு. இப்படி மூணு பிள்ளைங்க இல்லவே இல்லேன்னு எழுதி உங்க கையெழுத்தைப் போடுங்க. அப்போ இந்தச் சீட்டு பொய்யாகும். பொய்ச் சீட்டை வச்சுப் பிள்ளையில்லாத ஒருத்தனை அறுத்தாங்கன்னு ஆகும். எழுதுங்க சார்."

மைக்கூட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. அவர் பேனாவைத் தொடவில்லை. இவர் ஒன்றும் கொடியவர் இல்லை. பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனுஷர். ஆனால் அன்றைக்கு அத்தனை பேரும் அப்படித்தான் கொடியவர்களாக இல்லாமல் இருந்தார்கள். குமாஸ்தா இல்லையா, டாக்டர் இல்லையா, தலையை நிமிர்த்தாமல் போய்வா என்று சொன்ன நான் இல்லையா?

"இன்னைக்கு ஆஜர் இன்னும் எடுக்கலே சார். எடுக்கட்டுமா?"

அவர் தலையாட்டினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. எழுந்து நின்று வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நாற்பத்தொன்று முடிந்தது. வேலி ஓரத்தில் பூவாயி நின்றிருந்தாள். அன்று அவளுக்குப் பின்னால் இன்னொருவரும் நின்றிருந்தார். ஒரு மாதத்துக்கு மேலாக வெளியே வராத மாதையன்.

"பொன்னுவேல்."

"வரலீங்க" என்றாள் பூவாயி. இதுவரை அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

ஆய்வாளர் திடுக்கிட்டு வெளியே பார்த்தார். "யாரும்மா அந்தப் பொம்பளை?"

"பிள்ளைங்களோட அம்மா சார். பின்னால நிக்கறது அப்பா." அடுத்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். "சின்னத்தாயி."

"வரலீங்க."

"முனியப்பன்."

இந்த முறை மாதையன் வேலியைப் பிடித்துக்கொண்டு பேசினான். என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஆய்வாளரைப் பார்த்துப் பேசினான். "அவன் எங்க ஊட்டுக்கு வரலீங்க. உங்க சீட்டுலதான் இருக்கறான். எப்ப அனுப்பறீங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் ஆப்சென்ட் போட்டுவிட்டு, மொத்தம் நாற்பத்து நான்கு, வருகை நாற்பத்தொன்று என்று கரும்பலகையில் எழுதினேன்.